மகளுக்குப் போகும் வீடு

புளொரன்ஸ் நகரின் போர்த்தா ரோசா தெருவில் பலாசோ தவான்சாத்தி என்றொரு வீடு இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தவிட்சி என்ற வணிகக் குடும்பம் கட்டியது. 1578இல் பெர்னார்தோ தவான்சாத்தியின் கைக்கு வந்து, 1838 வரை அவர் வழியினரிடம் இருந்தது. இன்று அது இத்தாலிய அரசின் நூதனசாலை. ஒடுங்கி உயர்ந்த கல்வீடு. நடுவில் சிறு முற்றம், கிணற்றிலிருந்து ஒவ்வொரு மாடிக்கும் வாளி ஏறும் புழை, புகை மேலே போய்விட வேண்டும் என்பதற்காக உச்சியில் வைத்த குசினி, சுவர் முழுக்கக் கிளிகள் தீட்டிய மண்டபம், மயில்கள் தீட்டிய படுக்கையறை. மறுமலர்ச்சிக் கால வணிகனின் வாழ்வை அப்படியே கண்ணில் காட்டும் இடம் என்று அதைச் சொல்வதுண்டு. அந்த 'அப்படியே'தான் என்னை உறுத்துகிறது. 1904இல் எலியா வோல்பி என்ற பழம்பொருள் வணிகர் அந்த வீட்டை வாங்கியபோது அது பல குடித்தனங்களாகத் துண்டுபட்டுக் கிடந்தது. அவர் தடுப்புகளை இடித்தார், சுவரோவியங்களைச் சுரண்டி வெளிக்கொணர்ந்தார், ஊரெங்கும் தேடிய கட்டில்களையும் பெட்டிகளையும் கொண்டுவந்து நிரப்பினார், 1910இல் நூதனசாலையாகத் திறந்தார். 1916இல் அந்தத் தளபாடங்களை நியூயோர்க்கில் ஏலம் போட்டார். 1951இல் அரசு வீட்டை வாங்கியது. வேறு நூதனசாலைகளிலிருந்து எடுத்த பொருள்களோடு 1956இல் மறுபடி திறந்தது. தவிட்சிகளின் கட்டிலும் இல்லை, தவான்சாத்திகளின் கரண்டியும் இல்லை. மிஞ்சியவை சுவரும் பெயருமே. அந்தப் பெயரோ தகப்பனிடமிருந்து மகனுக்குப் போய்க்கொண்டிருந்த பெயர்.

அப்படி ஒன்று மட்டக்களப்பு வாவிக் கரையில் ஏன் இல்லை என்ற கேள்வி அவ்வப்போது எழுகிறது. கேட்பவர்களின் குரலில் ஒரு வெட்கமும் கலந்திருக்கும், ஏதோ நாம் காக்கத் தவறிவிட்டோம் என்பதுபோல. இங்கே வணிகம் இல்லாமல் இருந்ததில்லை. 1602இல் ஒல்லாந்தனான ஸ்பில்பேர்கன் இலங்கையில் முதலில் கரையிறங்கியது இந்தப் பக்கத்தில்தான். கண்டி அரசுக்குக் கடல் வாசல்களில் ஒன்று இது. போர்த்துக்கேயர் தம் பகுதிகளிலிருந்து துரத்திய முஸ்லிம்களை 1626இல் செனரத் மன்னன் இந்தக் கரையில் குடியேற்றினான். 1628இல் புளியந்தீவில் போர்த்துக்கேயர் கோட்டை எழுப்பினார்கள், பத்தே ஆண்டில் அதை ஒல்லாந்தர் பிடித்தார்கள். நெல், தேங்காய், புடவை எல்லாம் வள்ளத்திலும் பொதிமாட்டுத் தவளத்திலும் போயின, வந்தன. ஆனால் இன்று நிற்பது கோட்டை மட்டும். நீண்ட காலம் மாவட்டக் கச்சேரியாகவும் இருந்துவிட்ட அந்தக் கட்டடம், ஆண்டவர்களின் வீடு எப்படி நின்றுபிடிக்கிறது என்பதற்குச் சான்று. விற்றவர்களின் வீடும் வாங்கியவர்களின் வீடும் பெருவயல்காரரான போடியார்மாரின் வீடும் எங்கே என்று கேட்டால் சூறாவளி, யுத்தம், சுனாமி, வறுமை என்று விரலை மடக்கி எண்ணுகிறோம். எனக்கு அந்தக் கணக்கு போதவில்லை. அவை எதுவும் வராதிருந்தாலும் இந்தக் கரையில் ஒரு வணிகனின் வீடு அவன் பெயரில் முந்நூறு வருடம் நின்றிருக்காது. இங்கே வீடு ஆணிடம் தங்குவதில்லை என்பதே காரணம்.

வாவியின் இரு பக்கமான எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், காத்தான்குடியிலிருந்து அக்கரைப்பற்று வரை, தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் பெரும்பாலும் ஒரே நடைமுறைதான். பெண் பிறந்தால் வீட்டைப் பற்றிய யோசனையும் பிறக்கிறது. மூத்தவள் கலியாணம் முடிக்கும்போது தாய் தகப்பன் இருக்கும் வீடே அவளுக்குப் போகும். மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவான். கொஞ்சக் காலம் எல்லாரும் ஒரு கூரையின்கீழ் இருப்பார்கள். பிறகு தாய் தகப்பனும் மிச்சப் பிள்ளைகளும் அதே வளவிலோ அடுத்த துண்டுக் காணியிலோ இன்னொரு வீடு கட்டிக்கொண்டு போவார்கள். இரண்டாமவளின் முறை வரும்போது அந்த வீடு அவளுக்கு. மறுபடி ஒரு மாற்றம். கடைசி மகளும் முடித்த பின் கிழவனும் கிழவியும் அவளோடு ஒண்டியிருப்பார்கள், அல்லது வளவின் மூலையில் ஒரு சின்னக் குடிலில் இருப்பார்கள். ஊரிலேயே பெரிய கல்வீட்டைக் கட்டிய மனிதர் கடைசியில் இரண்டு அறைக்குள் ஒடுங்கிவிடுவார். பார்ப்பவர்கள் அதை வீழ்ச்சி என்று நினைப்பதில்லை. கடமையை முடித்தவர் என்றுதான் சொல்வார்கள். ஆகவே ஒரு வியாபாரியின் ஆயுட்கால உழைப்பை ஒற்றை மாளிகையில் தேடுவது வீண். அது நான்கு மகள்மாரின் நான்கு வீடுகளாகப் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். அந்த நான்கும் அடுத்த தலைமுறையில் பன்னிரண்டாகும். பழைய விறாந்தை இடிபட்டுப் பேத்தியின் அறையாகும், கிடுகு வேலி இருந்த இடத்தில் மதில் எழும்பும், கிணறு மட்டும் இரண்டு வளவுக்கும் பொதுவாகி வழக்குக்குக் காரணமாகும். நிலம் பெண்வழியில் நிலைக்கிறது. வீடு நிலைப்பதில்லை. நிலைக்காமல் இருப்பதே அதன் வேலை.

இதை விளங்கிக்கொள்ளப் புளொரன்சுக்கே திரும்பிப் போகலாம். அந்த நகரம் சீதனத்துக்குப் பேர்போனது. 1425இல் நகர அரசே ஒரு சீதன நிதியைத் தொடங்கியது. மகள் சிறுமியாக இருக்கும்போது தகப்பன் பணத்தை வைப்பிலிட வேண்டும், ஆண்டுகள் கழிந்து அவள் மணமுடித்தபின் வளர்ந்த தொகை கணவனிடம் கொடுக்கப்படும். அரசுக்குக் கடன் அடைக்கக் காசு, தகப்பனுக்கு மானம், மாப்பிள்ளைக்கு முதல், அவளுக்கு? அவள் வண்ணம் தீட்டிய பெட்டிகளோடு தெருவழியே கணவன் வீட்டுக்குப் போனாள். புளொரன்ஸ் குடும்பங்களின் கணக்கேடுகளையும் நினைவேடுகளையும் ஆராய்ந்த வரலாற்றாசிரியை கிறிஸ்தியான் கிளாபிஷ்-சூபர், அந்த வீடுகளில் பெண்கள் கடந்துபோகும் விருந்தாளிகள்போலவே இருந்தார்கள் என்று காட்டியிருக்கிறார். பிறந்த வீட்டில் கொஞ்சக் காலம், புகுந்த வீட்டில் கொஞ்சக் காலம். விதவையானால் சீதனத்தோடு திரும்பிப் போக வேண்டிவரும், பிள்ளைகள் தகப்பன் வழியினரிடம் தங்கிவிடுவார்கள். தவான்சாத்தி வீட்டின் படுக்கையறை ஒன்றில் வெர்ஜி சீமாட்டியின் கதை சுவரோவியமாக ஓடுகிறது. அல்பெர்த்தி குடும்பத்துப் பெண்ணொருத்தி அங்கே மணமகளாக வந்ததையொட்டித் தீட்டியது என்று கருதப்படுகிறது. காதலி சாகிறாள், காதலன் சாகிறான், காட்டிக்கொடுத்தவளும் கொல்லப்படுகிறாள். மணவறைக்கு இந்தக் கதையைத் தேர்ந்தவர் யாரென்று தெரிந்தால் நல்லது. எப்படியோ, சுவர் அவர்களுடையது, அவள் வந்துபோனவள். அந்த வீடு நூதனசாலையாவதற்கு முன்பே ஒரு விதத்தில் நூதனசாலைதான்: ஆண்களின் பெயரைக் காக்கும் பெட்டகம். வோல்பி புதிதாகக் கண்டுபிடித்ததாக எதுவும் இல்லை. வீட்டின் உள்நோக்கத்துக்கு நுழைவுச்சீட்டு அடித்தார், அவ்வளவுதான். வாவிக்கரையிலோ ஊர்வலம் எதிர்த்திசையில் போகிறது. மாப்பிள்ளைதான் ஊர்வலமாக வருகிறான், வந்து தங்குகிறான். அவன் எவ்வளவு பெரிய வியாபாரியானாலும் படுக்கும் வீடு மனைவியின் வீடு. அவன் கட்டும் வீடு மகளின் வீடு. அவன் பெயரில் ஒரு வீட்டை எங்கே போய்த் தேடுவது?

இது ஏதோ மாறாத பழங்குடி வழக்கம் என்று சொல்லிவிட எனக்கு விருப்பமில்லை, சரித்திரமும் அப்படிச் சொல்லவில்லை. இந்தக் கரையின் முக்குவர் சமூகத்தின் பழைய சட்டத்தின்படி முதிசச் சொத்து தாய்வழியில் பெரும்பாலும் ஆண்கள் கையில்தான் இறங்கியது, தாய்மாமனிடமிருந்து சகோதரியின் மகனான மருமகனுக்கு. பிரித்தானியர் 1876இல் கொண்டுவந்த 15ஆம் இலக்கத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தோடு அந்த முறை நீதிமன்றத்தில் பலமிழந்தது. தாய்வழி முறை அத்தோடு ஒழிந்திருக்க வேண்டும். ஒழியவில்லை, சீதன உறுதிக்குள் புகுந்துகொண்டது. செத்தபின் பங்கு பிரிப்பதைத்தானே சட்டம் பார்க்கும், உயிரோடிருக்கும்போதே எழுதிக்கொடுத்துவிட்டால்? மார்க்கச் சட்டப்படி மகனுக்கும் பங்குண்டு என்று தெரிந்த முஸ்லிம் குடும்பங்களும் வீட்டை மகளுக்கே எழுதிவந்தன. அக்கரைப்பற்றில் நீண்ட காலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இந்த நகர்வைக் கவனமாகப் பதிந்திருக்கிறார். மருமகனுக்குப் போன முதிசம் மகளுக்குப் போகும் சீதனமாயிற்று. எனவே இந்தக் கரையின் வீடு பழமையின் எச்சம் என்பது சரியல்ல. ஒரு சட்டத்துக்குக் கொடுத்த பதில் என்பது இன்னும் பொருத்தம். நொத்தாரிசுவின் முத்திரையில்தான் அதன் வயது இருக்கிறது, சுண்ணாம்புச் சுவரில் இல்லை.

இந்த வாதத்துக்கு வரும் முதல் மறுப்பு அழிவைப் பற்றியது. 1978 நவம்பர் 23 இரவு வந்த சூறாவளி கூரைகளைத் தூக்கிக்கொண்டு போனது. 1990இல் தமிழரும் முஸ்லிம்களும் ஊர்விட்டு ஊர் ஓடி, எல்லையோரத் தெருக்கள் இரு தரப்பிலும் வெறுமையாயின. 2004 டிசம்பர் 26 வந்த சுனாமி நாவலடி, கல்லடி, மருதமுனை, சாய்ந்தமருது என்று கரையோரத்தை வழித்துச் சென்றது. இத்தனைக்கும் பிறகு, வீடுகள் இல்லாமற் போனதற்கு வழக்கத்தைக் குற்றம் சொல்வது அநியாயம் அல்லவா? நான் குற்றம் சொல்லவில்லை, அதை முதலில் சொல்ல வேண்டும். ஆனால் அழிவுக்குப் பிறகு என்ன நடந்தது என்று பாருங்கள். விழுந்த வீட்டை விழுந்த மாதிரியே திருப்பிக் கட்ட யாரும் நினைக்கவில்லை. மகளின் வயதைப் பார்த்துக் கட்டினார்கள். கலியாணமாகாத குமரிருந்த வீடு முதலில் எழும்பியது. பழைய ஓடுகளையும் மரத் தூணையும் நிலையையும் பொறுக்கி எடுத்தவர்கள் அவற்றைப் புது வீட்டில் பாவித்தார்கள், அல்லது விற்றுச் சீமெந்து வாங்கினார்கள். நூற்றாண்டுக் கதவை விற்று மகளுக்குக் குளியலறை கட்டிய தகப்பனிடம் மரபுரிமை பற்றிப் பிரசங்கம் செய்ய எனக்குத் துணிச்சல் வராது. வோல்பியும் ஒரு வியாபாரிதான், அவர் விற்ற கட்டில்களால் யாருடைய மகளும் வாழவில்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. பெண்வழி என்றால் வீடு நிலைக்காது என்று எப்படிச் சொல்லலாம்? கண்ணூரில் அரக்கல் குடும்பத்தின் 'அரக்கல் கெட்டு' மாளிகை நிற்கிறதே. மிளகு வணிகத்தாலும் கடலாலும் பெருத்த முஸ்லிம் அரச குடும்பம், தாய்வழி மரபு, ஆணானாலும் பெண்ணானாலும் மூத்தவரே தலைமை, பீவிமார் என்ற பெண் தலைவர்களும் ஆண்டிருக்கிறார்கள். அதன் தர்பார் மண்டபத்தைக் கேரள அரசு சீரமைத்து நூதனசாலையாக்கியிருக்கிறது. இது என் வாதத்தை உடைக்கத்தான் செய்கிறது, ஓரளவு. உடைந்த இடத்தில் வாதத்தைத் திருத்திக்கொள்கிறேன். மலபாரின் தறவாடு பிரிக்கப்படாத சொத்து. அக்கா தங்கையரும் அவர்களின் பிள்ளைகளும் தாய்மாமனும் சேர்ந்த ஒரு கூட்டத்துக்கு அது பொது, தனியொருத்திக்கு எழுதிக்கொடுக்க முடியாது. செட்டிநாட்டு வீடுகள் தந்தைவழிதான், ஆனாலும் அதே காரணத்தால்தான் நிற்கின்றன. மணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி, ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அறை, பங்காளிகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போடாமல் ஒரு தூணையும் அசைக்க முடியாது. சிங்கப்பூரில் ஒருவர், சென்னையில் ஒருவர் என்று சிதறிய கையெழுத்துகளே செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தானைக் காப்பாற்றின. கையெழுத்துச் சேர்ந்த வீடுகளின் கதவும் பொம்மையும் காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருக் கடைகளுக்கு வந்தன. சில வீடுகள் ஹோட்டலாயின, ஒன்று கழற்றப்பட்டுச் சென்னைக்கு வெளியே முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா நூதனசாலையில் மறுபடி பொருத்தப்பட்டது. ஆகவே கேள்வி தாய்வழியா தந்தைவழியா என்பதில் இல்லை. வீட்டைக் கூட்டமாகப் பூட்டி வைப்பதா, ஒவ்வொருத்திக்கும் ஒன்றாகப் பிரித்துக் கொடுப்பதா என்பதில் இருக்கிறது. பூட்டி வைத்தவர்களுக்கு நூதனசாலை கிடைக்கும். கொடுத்தவர்களுக்குக் கிடைக்காது. (தமிழ்நாட்டுக் காயல்பட்டினத்துக்காரர்களும் மகளுக்கே வீடு கொடுக்கிறார்கள். அவர்களிடம் இதே கேள்வியைக் கேட்டால் என்ன சொல்வார்கள் என்று அறிய ஆவல்.)

காத்தான்குடியில் ஒரு பூர்வீக நூதனசாலை இருக்கிறது என்பதை மறக்கவில்லை. பேரீச்சை மரங்கள் வரிசையாக நிற்கும் அந்தப் பிரதான வீதியில் அதற்கென்றே எழுப்பிய பல மாடிக் கட்டடம். பழைய தொழில்கள், சடங்குகள், பாத்திர பண்டங்கள், ஆளுயர உருவங்களில் சமைத்த காட்சிகள். உருவம் வைக்கலாமா என்ற மார்க்கச் சர்ச்சையும் அதைச் சுற்றி எழுந்தது. எனக்கு அதில் கவனிக்கத் தோன்றுவது வேறு. நாட்டிலேயே மிக நெருக்கமாக மக்கள் வாழும் ஊர்களில் ஒன்று காத்தான்குடி, அங்கே ஒரு பேர்ச் நிலமும் ஏதோ ஒரு மகளின் கணக்கில் எழுதப்பட்டது. பழைய வீடொன்றை எடுத்து நூதனசாலையாக்கியிருந்தால் ஒரு குமரின் வீடு போயிருக்கும். புதிதாகக் கட்டியது, தெரிந்தோ தெரியாமலோ, ஊரின் நியாயத்துக்கு உட்பட்ட முடிவு. இன்னொன்றும் உண்டு. குடும்பத்தின் நினைவை வீட்டில் வைக்காத ஊர் அதை வேறெங்காவது வைத்திருக்கத்தானே வேண்டும்? தமிழரிடம் தாய்வழிக் குடிகளின் பெயரும் வரிசையும் கோயிலில் இருக்கின்றன. கொக்கட்டிச்சோலையிலும் மண்டூரிலும் திருக்கோவிலிலும் எந்தக் குடிக்கு எந்த நாள் திருவிழா, யாருக்கு முதல் மரியாதை என்பதில் நூற்றாண்டுக் கணக்கு ஓடுகிறது. சண்டையும் ஓடுகிறது. பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கொரு மரைக்காயர் என்றிருந்த முறையும் இதன் உறவுதான். குடி தாயிடமிருந்து வருவது, பெயருக்கு முன்னால் போடும் முதலெழுத்து தகப்பனிடமிருந்து வருவது. தவான்சாத்தி மாதிரி வாசலில் பொறிக்கத்தக்க ஒற்றைக் குடும்பப் பெயர் இங்கு யாருக்கும் இல்லை.

இப்படிச் சொல்லும்போது மூன்றாவது மறுப்பு வரும், வர வேண்டும். பெண்ணுக்கு வீடு என்பதைப் பாராட்டிப் பாராட்டி அதன் பாரத்தை மறைக்கிறாய் என்று. உண்மை. வீடில்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளை இல்லை. தங்கச்சிமாருக்கு வீடு கட்டி முடிக்கும்வரை கலியாணம் பேசாமல் நரைத்த நானாமாரும் அண்ணன்மாரும் ஊருக்கு ஊர் உண்டு. தம் சீதன வீட்டைத் தாமே கட்டவென்று சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டுவேலைக்குப் போன பெண்கள் உண்டு. யாரோ ஒருவரின் பளிங்குத் தரையைத் துடைத்து அனுப்பிய காசில் அத்திவாரம், அடுத்த ஒப்பந்தத்தில் லிண்டல் மட்டம், கூரைக்கு இன்னொரு பயணம். உறுதி அவள் பெயரில் இருந்தாலும் விற்பதா அடகு வைப்பதா என்று பேசுவது பெரும்பாலும் ஆண்கள்தான். இதெல்லாம் சரி. ஆனால் உறுதி அவள் பெயரில் இருப்பது வெறும் கடதாசி என்று சொல்பவர்கள் சுனாமிக்குப் பின் நடந்ததை நினைக்க வேண்டும். கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்று முதலில் விதித்தார்கள், கரையிலிருந்து தள்ளி மாற்று வீடு கொடுத்தார்கள். கொடுத்த வீட்டை 'குடும்பத் தலைவர்' பெயரில் பதிந்தார்கள். படிவத்தின் அந்த ஒரு கட்டத்தில் தாய்வழியாக வந்த வீடுகள் பல கணவன்மாரின் வீடுகளாயின. கடல் எடுத்தது சுவரை. படிவம் எடுத்தது அதைவிடக் கூடுதலாக. அன்று உறுதியின் பெறுமதி விளங்கியது. விட்டுப்போய்த் திரும்பி வந்த கணவனை வெளியே நில் என்று சொல்லக்கூடிய பெண்ணுக்கும் சொல்ல முடியாதவளுக்கும் இடையிலிருந்த வித்தியாசம் அந்தக் கடதாசிதான்.

அப்படியானால் எதையுமே காக்க வேண்டாமா? காக்கலாம், ஆனால் வீட்டை நிறுத்திவைத்து அல்ல. நிறுத்திய வீடு இந்தக் கரையில் பொய் சொல்லும், எவ்வளவு உண்மையான கட்டிலைப் போட்டாலும். ஒரு வளவை மூன்று தலைமுறைக்கு வரைபடமாக்கலாம். எது தாய் வீடாக இருந்தது, எப்போது மூத்தவளுக்குப் போனது, எந்தச் சுவர் எந்தக் கலியாணத்துக்காக எழும்பியது, கிழவியின் குடில் எங்கே நின்றது என்று. இடிக்கப்போகும் வீட்டை இடிக்குமுன் அளந்து படமெடுக்கலாம். மட்டக்களப்பில் கட்டடக்கலை படித்த பிள்ளைகளும் இருக்கிறார்கள், வந்தாறுமூலையில் பல்கலைக்கழகமும் இருக்கிறது. உறுதிகளின் பிரதிகளைச் சேர்க்கலாம். கிழவியின் குடில்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் எந்தச் செல்வந்தர் வீட்டு நூதனசாலையிலும் காட்டப்படாத அறை அது, இங்கோ எல்லாச் செல்வமும் கடைசியில் வந்து சேருமிடம். ஆனால் இதற்கும் ஒரு தடை இருக்கிறது, அதற்கு என்னிடம் விடை இல்லை. சீதன உறுதி பழைய கடதாசியானாலும் உயிருள்ள கடதாசி. மூத்தவளுக்கு எத்தனை பேர்ச், எத்தனை அறை, வயலில் எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். அது வெளியே தெரிந்தால் இளையவளுக்குப் பேச வரும் தரகர் அதைவிடக் குறைத்து வாங்க மாட்டார். மூத்தவளுக்குக் குறைவாகக் கொடுத்தது தெரிந்தால் அக்கா தங்கச்சி முகம் பார்க்க மாட்டார்கள். கலியாணத்துக்குக் குமர் இருக்கும் எந்த வீட்டிலும் அந்தப் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்ல முடியாது. இங்கே குமர் இல்லாத வீடு என்று ஒன்று அதிக காலம் இருப்பதுமில்லை.